மஞ்சள் படாத நகம்

"ஆளோட பேர் இப்ப வேணாம், மிஸ்டர் சம்பத்குமார். ஆளை நீங்க நிதானமாப் பிடிச்சுக்குங்க. எனக்கு வேண்டியது விஷத்தோட பேர். அதுவும் ஆறு மணிக்குள்ள."

டாக்டர் சொர்ணலதா இதைச் சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ஜடையனும் பார்த்தான். கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஆறு வருஷம் கண்டக்டராக இருந்தவன் அவன். டிக்கெட் கொடுத்ததைவிடப் பேச்சுக் கொடுத்ததுதான் அதிகம் என்று முதலாளி வீட்டுக்கு அனுப்ப, துப்பறியும் சம்பத்குமாரிடம் வந்து ஒட்டிக்கொண்டான். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற அந்த வாய் இன்றைக்கு மூடிக் கிடந்தது. கட்டிலைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் கேலி வரும்?

கட்டிலில் குமுதவல்லி கிடந்தாள். முப்பத்திரண்டு வயசு. ஊதுவத்திப் பெட்டிகளுக்குப் படம் எழுதிப் பிழைக்கிறவள். முகம் வெளுத்து, கண் மூடி, மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. உதட்டில் மட்டும் பளீரென்று மஞ்சள் நிறம். பக்கத்தில் அவள் புருஷன் வேங்கடேசன், மனைவியின் மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அதைக் கீழே வைத்தால் அவள் போய்விடுவாள் என்று பயந்தவன் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தான்.

"போலீஸ் என்ன சொல்றது?" என்று கேட்டார் சம்பத்குமார்.

"அவங்களுக்கென்ன, எழுதி முடிச்சுட்டாங்க. மேஜை மேல அரிதாரம் டப்பா திறந்திருந்தது. மஞ்சள் பாஷாணம். தூரிகையிலயும் அது, உதட்டுலயும் அது. தூரிகையை வாயில வச்சுக் கூராக்கியிருக்கா, விஷம் உள்ள போயிடுச்சு, விபத்துன்னு சொல்லிட்டு சப் இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போயிட்டார்." டாக்டர் கோபத்தோடு நாடிக் குறிப்பைத் தூக்கிக் காட்டினாள். "காலையிலேர்ந்து பாஷாணத்துக்கான வைத்தியம்தான் பண்றேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. பாஷாணம்னா நாடி ஓட்டமா ஓடும். இங்க நிமிஷத்துக்கு நாப்பதுக்குக் கீழ இறங்கிட்டிருக்கு. இப்படியே போனா ஆறு மணிக்கு மேல தாங்கமாட்டா. இது வேற ஏதோ. எதுன்னு தெரியாம ஊசி போட்டா நானே கொன்ன மாதிரி ஆயிடும்."

சம்பத்குமார் கட்டிலருகே போனார். குமுதவல்லியின் இடது கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். கட்டை விரல் நகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னுங்க சாமி, கைரேகை ஜோசியமுங்களா?" ஜடையன் மெதுவாகக் கேட்டான். கேட்டபிறகுதான், இந்த நேரத்தில் இதைக் கேட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"நகத்தைப் பாருடா. பாத்து மனசுல வச்சுக்கோ."

ஜடையன் பார்த்தான். நகத்தின் மேல் சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்று கோடு கோடாக வர்ணம் காய்ந்திருந்தது. குளித்தும் போகாத பழைய கறைமேல் புதுக் கறை. அவ்வளவுதான் தெரிந்தது.

"டாக்டரம்மா, ஒரு உபகாரம். நஜர்பாத்துல, இவளுக்கு வேலை கொடுக்கிற மேஜர் பசவராஜ் பங்களாவுல டெலிஃபோன் இருக்கு. சரியா நாலு மணிக்கு அங்கே கூப்பிடுங்கோ. நான் எடுப்பேன்."

"பேரோட எடுப்பீங்களா?"

"எடுக்கணும்" என்றார் சம்பத்குமார். வேங்கடேசன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

பட்டாளத்தில் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று சம்பத்குமாரிடம் இருந்தது. பக்கத்தில் ஒரு தொட்டி. வேங்கடேசன் பின்னால் உட்கார, ஜடையன் தொட்டிக்குள் இறங்கி, அங்கே கிடந்த துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். மைசூர் மண்டி மொஹல்லாவுக்குள் நுழைந்ததும் மிளகாய் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. சம்பத்குமார் ஹாரனை அடித்தார். மாடு அசையவில்லை. ஜடையன் எழுந்து நின்று, "தாரி பிடப்பா! உசிர் போற சோலி!" என்று கன்னடமும் தமிழும் கலந்து போட்ட சத்தத்தில் மாடு, வண்டிக்காரன், எதிரே தும்மிக்கொண்டிருந்த கடைக்காரர் எல்லாருமே ஒதுங்கினார்கள்.

வீடு சின்னது. முன்னறையில் ஜன்னலோரம் ஒரு சாய்வு மேஜை. அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடி, கொட்டாங்கச்சியில் தண்ணீர், அணில் ரோமத் தூரிகைகள். அவற்றுக்கு நடுவில் பன்னிரண்டு பேர் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஈயத்தில் வார்த்த பொம்மைகள். ஜடையன் பூதக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "அட கெரகமே!" என்றான். ஒவ்வொருவனுக்கும் தனித்தனி மீசை. கடிவாளத்தில் நூலிழைக் கோடு. மிளகு அளவு நெற்றியில் திருமண் கூடத் துல்லியமாக இருந்தது. பன்னிரண்டாவது ஆளுக்கு மட்டும் கண் இல்லை. இமை எழுதி, விழி வைக்காமல் விட்டிருந்தது.

"யாருங்க இவீகெல்லாம்?"

"ஹொய்சள ராஜா பல்லாளனோட தண்டநாயகர்கள். படைத்தலைவன்னு அர்த்தம்" என்றான் வேங்கடேசன். "மேஜர் பசவராஜ் ஆத்துல பெரிய மேஜை போட்டு யுத்தம் விளையாடறா. அறுநூறு வருஷத்துக்கு முந்தி கண்ணனூர்ல பல்லாளனுக்கும் மதுரை சுல்தானுக்கும் நடந்த சண்டை. மேஜர் ஒரு பக்கம், காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் கொடுத்து ரிடையர் ஆன நரசிம்மமூர்த்தி ஒரு பக்கம். இன்னிக்கு நாலு மணிக்கு ஆட்டம். இந்தப் பன்னிரண்டும் அதுக்குத்தான். கண்ணைக் கடைசியாத்தான் இவ திறப்பா. இன்னிக்குக் காலம்பற திறக்கிறதா இருந்தா."

மேஜையோரம் அந்த அரிதாரம் டப்பா இருந்தது. மூடியில் சின்னச் சீட்டு ஒட்டி, இங்கிலீஷில் எழுதியிருந்தது: மேஜர் பசவராஜ்.

"கேஸ் முடிஞ்சுதுங்க சாமி" என்றான் ஜடையன். "குத்துனவன் கத்தியில பேர் எழுதி வச்சுட்டே போயிருக்கான். மேஜரைப் புடிச்சு ரெண்டு தட்டுத் தட்டுனா விஷத்தோட பேரு, அதோட அப்பன் பேரு எல்லாம் வந்துருமுங்க."

"அவசரப்படாதே. இந்தப் பன்னிரண்டு பேர்ல யார்மேலயாவது இந்த மஞ்சள் இருக்கா, பாத்துச் சொல்லு."

ஜடையன் கண் வலிக்கப் பார்த்தான். இல்லை. குடைகளின் பொன் நிறம்கூடக் காவியும் வெள்ளையும் சேர்த்துக் கொண்டுவந்தது. டப்பாவில் இருந்த எரிக்கிற மஞ்சள் ஒரு புள்ளி இல்லை.

"வேங்கடேசன், உங்காத்துக்காரி தூரிகை முனையை எப்படிக் கூராக்குவா?"

"நகத்துலதான். இடது கட்டை விரல் நகத்துல வச்சு உருட்டுவா. வாயிலயா? ராம ராமா! நெத்தியில திருமண் எழுதற தூரிகையை எச்சில் பண்ணுவாளா? விடிகாலம்பற ஸ்நானம் பண்ணி மடியா உக்காந்துதான் எழுதுவா. பக்கத்துல யாரையும் விடமாட்டா. நானே ஜன்னல் வழியாத்தான் பாத்திருக்கேன்."

ஜடையனுக்கு அப்போதுதான் உறைத்தது. சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. நகத்தில் மஞ்சள் இல்லை. தொடாத வர்ணம் உதட்டுக்கு மட்டும் எப்படிப் போகும்? அவள் மயங்கிக் கிடக்கும்போது எவனோ ஒருவன் குனிந்து, தூரிகையில் மஞ்சளைத் தொட்டு, அவள் உதட்டில் பூசியிருக்கிறான். நினைத்ததும் ஜடையனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"பாவிப்பய!" என்றான்.

"அவன் அப்புறம். அவ என்ன சாப்பிட்டா? அதுதான் முக்கியம். நீ போய்ப் பக்கத்து வீட்டுல விசாரி."

பக்கத்து வீட்டு ராமக்காள்தான் பத்து மணிக்குக் குமுதவல்லியை முதலில் பார்த்தவள். அழுதுகொண்டே பேசினாள். எட்டரையிலிருந்து அவள் தெருக்குழாயில் நின்றாளாம், யார் வந்தார்கள், போனார்கள் என்று தெரியாதாம். "அந்தம்மா பெறத்தியார் கையால பச்சத் தண்ணி குடிக்காதுங்க. நேத்து ஏகாதசின்னு பட்டினி வேற. வெறும் வயித்துல என்னத்தத் தின்னுச்சோ, தெரியலீங்களே!"

ஜடையன் திரும்பி வந்தபோது சம்பத்குமார் பூஜை அலமாரிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் தட்டு போட்டு மூடிய ஒரு வெண்கலக் கிண்ணம். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ஒரு நிலக்கடலைப் பருப்பு இருந்தது. கரும்பழுப்பாக, எள்ளும் புளியும் ஒட்டியிருந்தது.

"மேஜைக்கடியில கிடந்தது. வேங்கடேசன், உங்காத்துல இன்னிக்கு அடுப்பு மூட்டலையே?"

"நான் ஹோட்டல்ல காபி சாப்பிட்டு ஆபீஸ் போயிட்டேன். அவ கண் திறந்து முடிச்சிட்டுத்தான் தளிகை பண்றதா இருந்தா. அதுவும் நெல்லிக்காய்ப் பச்சடி, அகத்திக்கீரை. இன்னிக்கு துவாதசி ஆச்சே!"

"துவாதசியன்னிக்கு உங்காத்துல புளி?"

"நுழையவே நுழையாது."

சம்பத்குமார் தலையை ஆட்டினார். "வெளியில பச்சைத் தண்ணி குடிக்காதவ. துவாதசியன்னிக்குப் புளியைத் தொடாதவ. ஏகாதசிப் பட்டினி கிடந்துட்டு, காலம்பற முதல் வாயா புளியோதரை சாப்பிட்டிருக்கா. எந்தப் புளியோதரையை மறுக்க முடியாது, சொல்லு பாப்போம்?"

வேங்கடேசன் பூஜை அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "பெருமாள் பிரசாதம்" என்றான்.

"மேல்கோட்டைப் பிரசாதம்னு எவனோ கொண்டுவந்து நீட்டியிருக்கான். கண்ணுல ஒத்திண்டு வாயில போட்டுண்டிருக்கா. காரமும் புளிப்பும் எந்தக் கசப்பையும் மறைச்சுடும்." சம்பத்குமார் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். "கண் திறக்காத தண்டநாயகரை எடுத்துக்கோ, ஜடையா. பதினொருத்தரையும் பெட்டியில வை. வேங்கடேசன், நீங்க போய் அவ பக்கத்துல இருங்கோ. நாங்க யுத்தத்துக்குப் போறோம்."

நஜர்பாத் பங்களாவின் நடுக்கூடத்தில் இரண்டு கட்டில் அகலத்துக்கு மேஜை. அதன்மேல் மணல் பரப்பி, நீலத் துணியில் ஆறு ஓடவிட்டு, சுண்ணாம்பில் கோட்டை கட்டியிருந்தது. சுல்தானின் சேனை கோட்டைக்குள் தயாராக நின்றது. வெளியே பல்லாளனின் காலாள்கள் தலைவனில்லாமல் வரிசை கட்டிக் காத்திருந்தார்கள். ஓரத்தில் பித்தளைத் தாயக்கட்டைகள்.

மேஜர் பசவராஜ் ஆறடி ஆள். மதராஸ் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்ததால் தமிழ் சரளமாக வரும். "குமுதா எப்படி இருக்கா? உசிர் உண்டுதானே?" என்று வாசலிலேயே கேட்டார். கண் சிவந்திருந்தது. நடிக்கிறான் பார், என்று ஜடையன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

நரசிம்மமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்து கை கூப்பினார். பஞ்சகச்சம், அல்பாகா கோட்டு, பளிச்சென்ற நாமம், மெல்லிய குரல். "எப்பேர்ப்பட்ட கை! அவா கிருஹத்தை நான் பாத்ததுகூட இல்லை. நான் வரைஞ்சு கொடுக்கிற மாதிரிப் படத்தை மேஜர்தான் எடுத்துண்டு போவார். ஆனா அவா எழுதினதைப் பாத்தாலே தெரியும், சரஸ்வதி கடாட்சம்."

"இந்த டப்பா உங்களோடதா, மேஜர்?"

"ஹௌது, நம்மோடதே. போன வாரம் என் வர்ணப் பெட்டியிலேர்ந்து காணாமப் போச்சு. எங்கே கிடைச்சது?" சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது மேஜருக்கு. முகம் சுருங்கிவிட்டது. "அய்யோ, அதுவா அவ வாயில...?"

ஜடையன் சம்பத்குமாரைப் பார்த்தான். இப்பவாவது பிடியுங்க சாமி, என்று கண்ணால் கெஞ்சினான். அவரோ சாவதானமாக மேஜையைச் சுற்றி வந்து, ஒரு காலாளைத் தூக்கிப் பார்த்து, "தலைவன் இல்லேன்னா இவா ஓடிடுவாளோ?" என்று கேட்டார்.

"தண்டநாயகன் நிக்கிற இடத்துக்கு ஒரு சாண் சுத்தளவுல ஒருத்தன் ஓடமாட்டான்" என்றார் மேஜர். "அவன் விழுந்தா தாயம் போட்டுப் பாக்கணும். ரெண்டுக்குக் குறைஞ்சா படையே ஓட்டம். ஆனா இன்னிக்கு ஆட்டம் பேடா, வேண்டாம். எனக்கு மனசு இல்லை. அவ ஏதோ சொல்லணும்னு வேற சொல்லியிருந்தா."

"என்ன சொல்லணும்னா?"

"லண்டன் பத்திரிகை ஒண்ணு வரும் எனக்கு. அதுல ஈயக் குதிரைக்காரன் ஒருத்தன் படம் போட்டு, மைசூர் சீமைப் பாளையக்கார வீட்டுப் பொக்கிஷம், முந்நூறு வருஷப் பழசுன்னு எழுதியிருந்தது. உன் கை மாதிரியே இருக்கு பாரும்மான்னு வேடிக்கையா அவகிட்டக் காட்டினேன். பேச்சே இல்லை. ஆட்டத்தன்னிக்கு வந்து உங்க ரெண்டு பேர் முன்னாடியும் சொல்றேன்னா. மூர்த்தி சார்கிட்டக்கூட அன்னிக்கே சொன்னேனே!"

"சொன்னேளா? ஞாபகம் இல்லை" என்றார் நரசிம்மமூர்த்தி.

மணி மூன்றே முக்கால். ஜடையன் கடிகாரத்தை மறுபடி பார்த்தான். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாடி இப்போது எத்தனையோ?

சம்பத்குமார் பன்னிரண்டாவது ஆளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வேங்கடேசனுக்கு ஒரு ஆசை. இவனுக்குக் கண் திறக்கணுமாம். திறந்தா அவளும் கண் திறப்பாள்னு ஒரு நம்பிக்கை. நீங்க ரெண்டு பேருமே வர்ணம் தெரிஞ்சவா. ஆளுக்கு ஒரு கண் வையுங்கோ."

மேஜர் தன் வர்ணப் பெட்டியைத் திறந்து தூரிகையைக் கறுப்பில் தோய்த்தார். முனையைத் தன் புறங்கையில் இழுத்துக் கூராக்கினார். வைத்த விழி கொஞ்சம் மாறுகண்ணாகப் போயிற்று. "தப்பாயித்து" என்று முணுமுணுத்தார்.

நரசிம்மமூர்த்தி தூரிகையை வாங்கினார். கறுப்பில் தொட்டார். உதடுகளுக்கு நடுவே வைத்து ஒரு இழுப்பு இழுத்து, ஊசி மாதிரி ஆக்கி, அலட்சியமாக ஒரு புள்ளி வைத்தார். அழகான விழி. மேஜர்மேல் ஜடையன் கட்டி வைத்த கோட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. ஆனால் தூரிகையை வாயில் வைப்பது குற்றமா? அதைச் சொல்லி எந்தக் கோர்ட்டில் நிற்க முடியும்? அதைவிட, விஷத்தின் பேர்?

"ரொம்ப சந்தோஷம்" என்றார் சம்பத்குமார். தான் கொண்டுவந்த வெண்கலக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்துத் தட்டை எடுத்தார். கமகமவென்று புளியோதரை. "மேல்கோட்டைப் பிரசாதம். அவளுக்காகப் பெருமாளை வேண்டிண்டு எல்லாரும் ஒரு வாய் எடுத்துக்கோங்கோ."

மேஜர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். ஜடையனும் காலையிலிருந்து பட்டினி; கொடுத்த உருண்டையை அப்படியே உள்ளே தள்ளினான். நரசிம்மமூர்த்தி ஒரு கணம் தயங்கினார். "இன்னிக்கு துவாதசி..."

"பிரசாதத்துக்கு ஏது துவாதசி, ஸ்வாமி? உங்களுக்குத் தெரியாததா?"

மேஜரும் ஜடையனும் அவரையே பார்த்தார்கள். நாமம் போட்டவர் எப்படி மறுப்பார்? வாங்கினார். விழுங்கினார்.

"நல்லாருக்கு" என்றார் மேஜர். "பாத்திரம் யாரோடது?"

"தெரியலையா? பேர் வெட்டியிருக்கே." சம்பத்குமார் கிண்ணத்தை மெதுவாகத் திருப்பினார். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டின எழுத்து: கு. வே. "குமுதவல்லி வேங்கடேசன். காலம்பற யாரோ பிரசாதம் கொண்டுவந்து கொடுத்திருக்கா. ஆத்துக்காரனுக்கு எடுத்து வைக்காம எந்தப் பொண்ணு சாப்பிடுவா? பாதியை இதுல போட்டுப் பூஜை அலமாரியில மூடி வச்சிருந்தா."

"அய்யோ பாவம்!" என்றார் மேஜர். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பயம் துளிகூட இல்லை. விஷம் மஞ்சள் டப்பாவில் என்றுதானே அவருக்குத் தெரியும்?

ஜடையனோ கிண்ணத்தையே பார்த்தான். அந்தக் கிண்ணமா! பூஜை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாரே, அதுவா! சாமி ஒரு பருக்கைகூட வாயில் போடவில்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடப்பாவி மனுஷா, எனக்கும் சேர்த்தா ஊட்டினாய்? கத்த வாயெடுத்தான். சம்பத்குமாரின் கை அவன் தோளை அழுத்தியது. ஜடையன் மாதேஸ்வரனை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

நரசிம்மமூர்த்தியின் முகம் சாம்பல் பூத்துவிட்டது. கோட்டு நுனியால் வாயைத் துடைத்தார். பிறகு விரலைத் தொண்டைக்குள் விட்டுக்கொண்டே பின்கட்டுக்கு ஓடப் பார்த்தார். ஜடையன் குறுக்கே நின்றான்.

"விடுடா! வழி விடு! ஐயோ, டாக்டரைக் கூப்பிடுங்கோ!"

"எதுக்கு?" என்றார் சம்பத்குமார். "பிரசாதம்தானே?"

அந்த நேரம் பார்த்து டெலிஃபோன் மணி அடித்தது. நாலு மணி. சம்பத்குமார் எடுத்தார். "டாக்டரம்மா, இங்கே இன்னொருத்தர் அதே விஷத்தைச் சாப்பிட்டிருக்கார். பேரை அவரே சொல்வார்." ரிஸீவரை நீட்டினார்.

நரசிம்மமூர்த்தி அதைப் பிடுங்கிக்கொண்டார். மெல்லிய குரல் எங்கே போயிற்றோ, கூடமே அதிர்ந்தது. "பொன்னரளி! பொன்னரளி விதை, டாக்டர்! சீக்கிரம் மருந்தோட வாங்கோ! நாடி விழறதுக்குள்ள வாங்கோ!"

மறுபக்கம் நாற்காலி கீழே விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் டாக்டர் சொர்ணலதா நர்ஸைக் கூவி அழைப்பது தூரத்தில் கேட்டது. பிறகு லைன் வெட்டுண்டது.

மேஜர்தான் முதலில் பேசினார். "மூர்த்தி... நீயா? அந்த லண்டன் படம்... என் வீட்டுலேர்ந்து 'ரிப்பேருக்கு'ன்னு எடுத்துண்டு போனியே அவ எழுதின குதிரைக்காரங்க, அதையெல்லாம் பழசுன்னு வித்தியா?"

நரசிம்மமூர்த்தி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடுவா. நாப்பது வருஷம் வாத்தியார்னு கும்பிட்ட ஊர்... என்னால முடியலை. மருந்து எங்கே? மருந்து!"

"உமக்கு மருந்து எதுக்கு?" சம்பத்குமார் கிண்ணத்திலிருந்து ஒரு கவளம் எடுத்துக் கண்ணில் ஒற்றி நிதானமாகச் சாப்பிட்டார். "இது நேத்து என் தமக்கை மேல்கோட்டையிலேர்ந்து கொண்டுவந்தது. ஏகாதசியாச்சேன்னு யாரும் தொடலை, பையோட வண்டித் தொட்டியிலேயே கிடந்தது. பாத்திரம் மட்டும்தான் அவளோடது. அவ சாப்பிட்ட மிச்சத்தை ஒரு பருக்கை விடாம வழிச்சு எடுத்துண்டு போயிட்டீர். ஒரு கடலைப் பருப்பு மட்டும் உருண்டுடுத்து."

ஜடையன் மடியில் வைத்துக்கொண்டு வந்த துணிப்பையை நினைத்துப் பார்த்தான். மூச்சு திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "சாமி, முன்னாடியே ஒரு கண்ணடிச்சிருக்கலாமுங்களே! நானு மலைக்கு மொட்டை, ஆடு எல்லாம் நேர்ந்துட்டேனுங்க!"

"உன் முகத்தைப் பாத்துத்தாண்டா அவர் நம்பினார். நீ பயப்படலேன்னா அவர் பயந்திருக்க மாட்டார்." பிறகு கீழே கிடந்தவரைப் பார்த்தார். "தூரிகையை வாயில வைக்கிறது உம்ம பழக்கம். ஊரெல்லாம் அப்படித்தான்னு நினைச்சு அவ உதட்டுல பூசிட்டீர். ஒரு தரமாவது அவ எழுதறதைப் பாத்திருந்தா, நகத்துலயும் பூசியிருப்பீர். எனக்கும் ஒண்ணும் தெரியாமப் போயிருக்கும்."

ஆறு மணிக்கு அவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார்கள். நரசிம்மமூர்த்தியை மேஜரே போலீஸில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். ஆறரைக்கு உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. வேங்கடேசன் மூக்குக் கண்ணாடியை இன்னும் கீழே வைக்கவில்லை. ஜடையன் கேலி எதுவும் பேசவில்லை. நேர்ந்துகொண்ட மொட்டையை மட்டும் மறுபடி ஒரு தரம் உறுதி செய்தான். இந்தத் தரம் அவளுக்காக.

ஏழேகாலுக்குக் கதவு திறந்தது. டாக்டர் சொர்ணலதாவின் தலைமுடி கலைந்திருந்தது. "நாடி அறுபது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள். வேங்கடேசன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டான்.

குமுதவல்லி கண் திறந்திருந்தாள். புருஷன் கண்ணாடியை மாட்டிவிட்டதும், முதல் வேலையாக விரலால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். விரலில் மஞ்சள் ஒட்டியது. அவள் முகத்தில் பயம் வந்தது.

"தூரிகையை... நான் எச்சில் பண்ணிட்டேனா?"

"இல்லீங்கம்மா" என்றான் ஜடையன். அவள் இடது கையைக் காட்டினான். "உங்க நகம் சாட்சி சொல்லிருச்சுங்க. நீங்க எச்சில் பண்ணவே இல்லீங்க."

அவள் மூச்சு விட்டாள். மேஜர், பாவம், அவளைச் சந்தோஷப்படுத்துகிற நினைப்பில், பையிலிருந்து பன்னிரண்டாவது தண்டநாயகனை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். "கண்கூடத் திறந்தாச்சும்மா. ஒண்ணு நான். இன்னொண்ணு மூர்த்தி."

குமுதவல்லி அந்த ஒன்றரை அங்குல ஆளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒரு கண் மாறுகண். இன்னொரு கண் அழகு. அழகான கண்ணைக் கட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதை எழுதினவர் தூரிகையை எங்கே வச்சுக் கூராக்கினார்?"

சம்பத்குமார் ஜன்னலைப் பார்த்தார். மேஜர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"வாயிலதானுங்க" என்றான் ஜடையன்.

குமுதவல்லி தலையணையில் கை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். டாக்டர் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்கவில்லை. புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆத்துக்குப் போய் டர்பன்டைன் எடுத்துண்டு வாங்கோ. மேஜர் சார் வச்சது இருக்கட்டும். இந்தக் கண்ணை நான் அழிக்கணும்."